செட்டிநாட்டில் குடியேற நினைக்கும் கணவன் மனைவிக்கு

போன மார்கழியில் என் தங்கை மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். "பெரியம்மா, நாங்க ரெண்டு பேரும் காரைக்குடிப் பக்கமே வந்துரலாம்னு பாக்குறோம். பொங்கல் லீவுல வந்து வீடு பாக்கட்டுமா?" அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வாரம் முழுக்க வீட்டிலிருந்தேதான். மாப்பிள்ளை ஆடிட்டர் ஆபீஸில் இருந்து விலகி, சொந்தமாக ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கிறவர். எங்கே இருந்தாலும் பிழைப்பு ஓடும். "பொங்கலுக்கு வந்தா சாப்பிட்டுட்டுப் போ. வீடு பாக்கணும்னா மே மாசம் வா" என்றேன்.

அவளுக்குக் கோபம்தான். ஆனால் நானும் வீட்டுக்காரரும் ஒன்பது வருஷத்துக்கு முன்பு தை மாதம் வந்து, ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவையும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) அதன் ஆத்தங்குடித் தரையையும் (கையால் செய்த பூக்கல் தரை) பார்த்து மயங்கி, அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்தவர்கள். பதினாலே மாதத்தில் காலி செய்தோம். நாங்கள் பட்டது பாதி, மே மாதம் அவர்கள் பத்து நாள் தங்கி ஊர் தேடியதைக் கூட இருந்து பார்த்தது பாதி. இரண்டையும் சேர்த்து, புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஆளுக்கொரு தாள்

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் கணவனும் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து வரி எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் காட்டக் கூடாது. "எனக்கு என்ன பிடிக்கும்" என்று எழுதினால் அமைதி, நல்ல காற்று, தோட்டம் என்று இரண்டு தாளும் ஒன்றுபோலவே வரும். அதனால் பிரயோசனம் இல்லை. "எது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எனக்கு எரிச்சல் வரும்" என்று எழுதுங்கள்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மாப்பிள்ளை கொஞ்சம் ஆடித்தான் போனார். அவர் எழுதியது: பெரிய வீடு, மரங்கள், நல்ல தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை நல்ல மீன், கணக்கு எழுதித்தரக் கேட்கிற கடைக்காரர்கள். அவள் எழுதியது: நெட் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது, மகப்பேறு டாக்டர் அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவைக் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிட வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் வேண்டும், கூட்டிப் பெருக்கி முடிக்கக்கூடிய வீடு. கடைசி வரியும் அவருடைய முதல் வரியும் நேருக்கு நேர் முட்டின. அங்கேயே அரை மணி நேரம் பேச்சு நடந்தது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு நடந்திருக்க வேண்டிய சண்டை, இட்லித் தட்டோடு முடிந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கணவன் மனைவி என்றால் கணக்கில் ஒன்றுதான். நகரத்தாரிடம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம், கல்யாணமான ஒரு ஜோடி ஒரு 'புள்ளி'. கோயில் வரிகூடப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். ஆனால் அதே ஆட்கள்தான் மகனுக்குக் கல்யாணமானதும் ஒரே வீட்டுக்குள் தனி அடுப்புக் கொடுத்து 'வேறு' வைத்தார்கள். புள்ளி ஒன்று என்றாலும் யாருக்கு எது ஒத்துவராது என்று தெரிந்தவர்கள்.

செட்டிநாடு எங்கே இருக்கிறது

அரசாங்கப் பதிவேட்டில் செட்டிநாடு என்று ஒரு மாவட்டமோ தாலுகாவோ கிடையாது. ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள். இப்போது எழுபத்துச் சொச்சம். பெரும்பகுதி சிவகங்கை மாவட்டத்தில், மீதி புதுக்கோட்டை மாவட்டத்தில். கானாடுகாத்தானில் குடியிருந்தால் உங்கள் கலெக்டர் ஆபீஸ் சிவகங்கையில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராயவரத்திலோ கடியாபட்டியிலோ வீடு பிடித்தால் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனாலும் கோட்டாட்சியர் அலுவலகம் இன்னும் தேவகோட்டையில்தான். சான்றிதழுக்கு அலைகிற அன்றைக்கு இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பம் திருப்பத்தூர். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பத்தூர் வேறு, வேலூருக்கு அந்தப் பக்கம் 2019-இல் தனி மாவட்டமான திருப்பத்தூர் வேறு. இணையத்தில் வாடகை வீடு தேடும்போது இரண்டும் கலந்து வரும். சாமான் அனுப்பும் லாரிக்காரரிடமும் 'சிவகங்கைத் திருப்பத்தூர்' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

தூரக் கணக்கு எளிது. காரைக்குடியில் இருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், புதுக்கோட்டை 40, சென்னை 400-க்குக் கொஞ்சம் மேல். பல்லவன் எக்ஸ்பிரஸ் விடிகாலையில் இங்கே கிளம்பி மத்தியானத்தில் எழும்பூர் சேரும், திரும்ப இரவில் வந்துவிடும். விமானம் வேண்டுமென்றால் திருச்சி அல்லது மதுரை.

அக்கினி நட்சத்திரத்தில் வந்து தங்குங்கள்

நான் சொல்வதில் இது ஒன்றையாவது கேளுங்கள். தை, மாசி, பங்குனியில் செட்டிநாடு நகை போட்டுக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் வெளியூரில் இருப்பவர்கள் வருவார்கள், பூட்டிக் கிடக்கிற வீடுகள் திறக்கும், முகப்பில் சமுக்காளம் விரியும், தெரு முழுக்கப் பேச்சும் பலகார வாசனையுமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இந்தத் தெருவில் வாழ வேண்டும்' என்று முடிவெடுத்தால், நீங்கள் பார்த்தது அந்தத் தெருவின் பத்து நாள். மீதி நாளெல்லாம் அதே தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு விளக்கு எரியும். எங்கள் முதல் வீட்டுத் தெருவில் இருபத்திரண்டு வீடு. ஆள் இருந்தது நாலில். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாய்களும் நானும்தான்.

அதனால் மே மாதம். சிவகங்கைச் சீமை மழை மறைவுப் பக்கம். பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில்தான். சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். ஊருணி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், கண்மாயில் மாடு மேயும். அப்போது ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள், லாட்ஜிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குங்கள். சுற்றுலா போகாதீர்கள். வழக்கமாக என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: காலையில் பால் வாங்குங்கள், வேலைக்கு உட்காருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை கரண்ட் போகட்டும், சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.

என் தங்கை மகள் மூன்றாம் நாளே சொன்னாள்: "வெயில் கூடப் பரவால்ல பெரியம்மா. மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கடையே இல்லியே!" அது இந்த ஊர்ப் பழக்கம். அவசரத்துக்கு ஒரு சார்ஜர் வாங்க நாலு மணி வரை காத்திருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். முடியாது என்பவர்கள் காரைக்குடி செக்காலைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

பருப்பு வேகிறதா என்று பாருங்கள்

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் "நல்ல தண்ணிதாங்க" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவரவர் தண்ணீர் அவரவருக்குப் பழகிவிட்டது. காரைக்குடி நகரத்துக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று ஒரு பேர் உண்டு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது கேனில் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே நகரத்தில் போர்த் தண்ணீர் மட்டும் வருகிற தெருவும் உண்டு. கிராமங்களில் சில இடத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீர், சில இடத்தில் ஊருணி, சில இடத்தில் லாரி. இந்தப் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீர் அருமை தெரிந்தவர்கள். கூரையில் விழும் மழையை வளவுக்குள் இறக்கி அண்டாவில் பிடித்தார்கள், மிச்சத்தை ஊருணிக்கு விட்டார்கள். இன்று அந்த வரத்துக்கால்கள் பல ஊரில் தூர்ந்து கிடக்கின்றன.

நான் செய்யச் சொல்வது இதுதான். பிடித்திருக்கிற வீட்டில் சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து வாருங்கள். அதில் ஒரு டம்ளர் துவரம் பருப்பை, குக்கர் இல்லாமல், வெறும் பாத்திரத்தில் வேக வையுங்கள். உப்புத் தண்ணீராக, சுண்ணாம்புச் சத்து கூடியதாக இருந்தால் பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் கண் முழித்துக்கொண்டு கிடக்கும். மே மாதம் நாங்கள் நாலு வீட்டுத் தண்ணீரை இப்படிச் சோதித்தோம். இரண்டில் பருப்பு குழைந்தது. ஒன்றில் அரைகுறை. நாலாவது, மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்த, வாசலில் இரண்டு இலுப்பை மரம் நிற்கிற வீடு. அந்தப் பருப்பைக் கடைசியில் மாட்டுக்குத்தான் வைத்தோம்.

வீட்டுக்காரரிடம் 'தண்ணீர் வருமா' என்று கேட்காதீர்கள். 'எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்' என்று கேளுங்கள். பிறகு அதே கேள்வியை எதிர்வீட்டு ஆச்சியிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நிம்மதி.

எந்த ஊர் யாருக்கு

காரைக்குடி: ஆஸ்பத்திரி, பைபர் நெட், பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்கிற ஜோடிக்கு இது போதும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் வளர்ந்த கல்வி ஊர் இது. 1948-இல் அடிக்கல் போட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், 1985-இல் வந்த அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பதால் வெளியூர், வெளிமாநில முகங்கள் இங்கே புதிதில்லை. மத்திய அரசுப் பள்ளி வேண்டுமென்றால் கேந்திரிய வித்யாலயாவும் உண்டு. வாடகைக்கு விடுகிற சின்ன வீடுகள் அதிகம் இருப்பது செக்காலை, சுப்பிரமணியபுரம், கழனிவாசல் பக்கம். இடைஞ்சல் எது என்றால் போக்குவரத்து நெரிசல். சென்னைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

கோட்டையூர், பள்ளத்தூர்: நடுத்தரமான பதில். காரைக்குடிக்கு டவுன் பஸ் உண்டு, கோட்டையூர் கிட்டத்தட்ட ஒட்டியே வந்துவிட்டது. மரமும் வேண்டும் மருந்துக்கடையும் வேண்டும் என்கிறவர்கள் இங்கே தேடலாம்.

தேவகோட்டை: காரைக்குடியைவிட நிதானம், ஆனால் முழுமையான ஊர். நீதிமன்றம், ஆபீஸ்கள், தே பிரித்தோ பள்ளி, நல்ல கடைத்தெரு. தொண்டிக் கடல் பக்கம் என்பதால் மீனில் குறை வைக்காது. ஒன்றை நினைவில் வையுங்கள்: தேவகோட்டை ரோடு என்கிற ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பெயரை நம்பி ராத்திரியில் இறங்கிவிடாதீர்கள்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோனாபட்டு போன்ற ஊர்கள்: படம் எடுக்கிறவர்களுக்கும், ஓட்டல் நடத்துகிறவர்களுக்கும், தனிமை பழகியவர்களுக்கும். வண்டி ஓட்டத் தெரியாத ஒருவர் ஜோடியில் இருந்தால் நான் வேண்டாம் என்பேன். அந்த ஒருவர் மற்றவரின் தயவில் வாழ நேரும். எங்கள் விஷயத்தில் அந்த ஒருவர் நான்.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை சாதாரண நோய்க்குக் காரைக்குடி அரசுத் தலைமை மருத்துவமனையும் தனியார் டாக்டர்களும் போதும். பெரிய சிக்கல் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேல் மதுரை. தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் உங்கள் டாக்டரிடமே கேட்டு, இங்கே யாரைப் பார்ப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெரிய வீடு ஆசை

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பர்மாத் தேக்குத் தூண். வாடகையோ சென்னையில் இரண்டு அறைக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். மனசு தடுமாறத்தான் செய்யும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள்: மனைவி ஒரு விளக்குமாறு, கணவன் ஒரு விளக்குமாறு எடுத்து வளவை மட்டும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். நாட்டு ஓட்டை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் விட்டுப் பிரித்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசியில் வீட்டுக்குள் அண்டா வைக்க வேண்டியதுதான். கரையான் தேக்கைத் தொடாது என்பார்கள், பக்கத்தில் இருக்கிற மா மரப் பலகையைத் தின்றுவிட்டு வரும். சுவரின் கனத்தில் வைஃபை சாகும். முகப்பில் பெட்டியை வைத்தால் இரண்டாங்கட்டில் ஒரு கோடுகூட வராது. ஆத்தங்குடித் தரையில் ஆசிட் படவே கூடாது. தினமும் மிதிபட்டால்தான் அது மெருகேறும், பூட்டிக் கிடந்தால் மங்கும்.

இதைவிட முக்கியம், வீடு யாருடையது என்பது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை பங்காளிகளின் பொதுச் சொத்து. சாவி ஒருவரிடம் இருக்கும், பங்கு பத்துப் பேருக்கு இருக்கும், அதில் சிலர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் நல்ல மனிதர். ஆனால் ஒரு மாசியில் இன்னொரு பங்காளி குடும்பம் கல்யாணத்துக்கு வந்து, "எங்க பங்கு ரெண்டு அறையும் இதுக்குள்ளதான இருக்கு" என்று பெட்டியை இறக்கியது. அவர்கள் சொன்னதும் சரிதான். பதினோரு நாள் நாங்கள் அறுபது பேரோடு வாழ்ந்தோம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்: வெள்ளைப் பணியாரமும் கும்மாயமும் நான் அந்தப் பதினோரு நாளில் தின்ற அளவு பிறகு தின்றதில்லை.

வாடகைக்குப் பேசும்போது

இணையத்தில் வருவது பாதிதான். டீக்கடை, அயர்ன் வண்டி, மளிகைக் கடை, இந்த மூன்று இடத்தில் சொல்லி வைத்தால் இரண்டு நாளில் ஆள் வரும். தரகர் ஒரு மாத வாடகை கேட்பார்.

வீட்டுக்காரர் முதலில் கேட்பது "எந்த ஊரு?" அடுத்தது "சைவமா, கவிச்சி சாப்பிடுவீகளா?" அதற்கப்புறம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று வரும். அது எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி என்று உங்களுக்கும் தெரியும். சில வீடுகள் அந்தப் பதிலில்தான் கிடைக்கும் அல்லது கிடைக்காது. நாகரிகமாகப் பேசுகிற ஊர் என்பதால் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். "பெரியவகட்டக் கேட்டுச் சொல்றோம்" என்பார்கள். இரண்டு தடவை அப்படிச் சொன்னால் அடுத்த வீட்டைப் பாருங்கள். பல்கலைக்கழகம் பக்கத்துக் காலனிகளில் இந்தக் கேள்வி குறைவு.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்தது. தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதியவும் சொல்கிறது. பழக்கத்தில் கூடுதலாகக் கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். பங்காளி வீடு என்றால் வாடகைக்கு விடுகிறவருக்கு மற்றவர்களின் சம்மதம் இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனிக் கணக்கு வைத்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் யாருக்குச் சேர்கிறது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் முகம் மாறும்.

வாங்குவது பற்றி

ஒரு வருஷம் வாடகைக்கு இருக்காமல் வாங்க வேண்டாம். வாங்கும்போது வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூன்றையும் ஒரு வக்கீல் பார்க்கட்டும். பழைய வீடு கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில்) இருந்தால் அளவை நேரில் சரிபாருங்கள். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடாத பத்திரம் வழக்குக்கு முன்பணம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். 10 லட்சம் ரூபாய்க்குள் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்.

சாவி வாங்கும் நாள்

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் குடி போக மாட்டார்கள். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும் வீட்டுக்காரருக்கு இருக்கும்; சாவியே தர மாட்டார். தை, சித்திரை, வைகாசி, ஆவணியில் வீடுகள் காலியாகும், அந்த மாதங்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். வந்த வாரத்திலேயே கேஸ் இணைப்பையும் ரேஷன் அட்டை முகவரியையும் மாற்ற எழுதிப் போட்டுவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் கடைசியில் கோட்டையூரில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார்கள். பருப்பு குழைந்த இரண்டில் ஒன்று. இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்னால் ஒரு முருங்கை. மாப்பிள்ளை இன்னும் அந்த இலுப்பை மரத்து வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். இழுபறியில் ஆனி கடைசி நாள் ஆகிவிட்டது. சாமான் ஏற்றிய லாரி வர இன்னும் நாலு நாள். வீட்டுக்கார ஆச்சி, "அதுனால என்னத்தா, இன்னைக்குப் பாலைக் காய்ச்சிப்புடுங்க" என்றார். என் வீட்டில் இருந்து ஒற்றை அடுப்பும் ஒரு சொம்பும் எடுத்துப் போய், வெறும் தரையில் வைத்துக் காய்ச்சினோம். லாரி வந்து சேர்ந்தது ஆடி நாலாம் தேதி. பால் ஆனியிலேயே பொங்கிவிட்டதால் லாரி கணக்கில் வராதாம்.